ஆறு லட்சம் யூனிட் வெயில்

ஒருத்தர்தான் உள்ளே வரலாம் என்று நர்ஸ் சொன்னபோது ஜோயா என் பக்கம் திரும்பவே இல்லை. ஒரு கையை வயிற்றின் மேல் வைத்துக்கொண்டு எழுந்தாள், மறு கையை நீட்டினாள், அதை மரகதம் பிடித்துக்கொண்டாள், கதவு சாத்திக்கொண்டது. பெற்றவள் வெளியே, மாமியார் உள்ளே. யாரும் திட்டமிட்டுச் செய்யவில்லை, அதுதான் எரிகிறது. திட்டமிட்டிருந்தால் எதிர்த்திருப்பேன், எதிர்ப்பது என் தொழில். சிங்காநல்லூர்ப் பஞ்சாலைகளில் முப்பது வருடம் கதவுகளைத் திறக்க வைத்தவள் நான். மேனேஜர் அறைக் கதவு, கலெக்டர் ஆபீஸ் கதவு, ஒரு தடவை பூட்டிய மில் கேட்டே திறந்தது. இந்தக் கதவுக்குப் பூட்டுகூட இல்லை. உள்ளேயிருந்து வளையல் சத்தம் வருகிறது. ஜோயாவின் இரண்டு கைகளிலும் கண்ணாடி வளையல், போன மாதம் வளைகாப்பில் மரகதம் அடுக்கியது. கல்யாணத்தையே தாலி இல்லாமல் மாலை மாற்றி நடத்தி வைத்தவள் நான், வளைகாப்பு எதற்கு என்று கேட்டேன். வளையல் சத்தம் வயிற்றுப் பிள்ளைக்குக் கேட்கும் என்றாள் மரகதம். காது இருக்கிற பிள்ளைக்கு எந்தச் சத்தமும் கேட்கும், என் பேச்சும் கேட்கும் என்றேன். உங்க பேச்சு ஈரோடு வரைக்கும் கேக்குமுங்களே சம்பந்தியம்மா என்றாள். மண்டபமே சிரித்தது, ஜோயாவும் சிரித்தாள். கடைசி வரிசையில் நின்று எலுமிச்சைச் சாதம் சாப்பிட்டுவிட்டு வந்தேன், எல்லோருக்கும் கொடுத்த தாம்பூலப் பையை எனக்கும் கொடுத்தார்கள், விருந்தாளிக்குக் கொடுப்பது போல. ஜோயா என்ற பெயர் மரகதத்தின் வாயில் நுழையவில்லையாம், ஜோதி என்கிறாள். எதிரியிடம் வாய் திறக்காமல் செத்த ஒரு ருஷ்யப் பெண்ணின் பெயர் அது. ஜோதி என்று கூப்பிட்டால் திரும்பக் கூடாது என்று என் மகளிடம் சொன்னேன். திரும்புகிறாள். உடனே திரும்புகிறாள். இப்போது எட்டாம் மாதம். இரண்டு மாதமாக ஓயாத வாந்தி, ஓயாத தாகம், சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடிக்கிறாள், அடிக்கடி பாத்ரூம் போகிறாள், உட்கார்ந்த இடத்தில் தூங்கி விழுகிறாள். மசக்கை எட்டாம் மாதம் வரைக்குமா என்று கேட்டேன், சிலருக்கு அப்படித்தானுங்க என்றாள் மரகதம், என் மருமகன் நவநீதன் என்று ஒரே ஒரு பிள்ளை பெற்றவள், ஆயிரம் பிரசவம் பார்த்தவள் மாதிரி. போன வாரம் ரத்தம் எடுத்தார்கள். கால்சியம் கூடியிருக்கிறது என்றார்கள். குறையவில்லை, கூடியிருக்கிறது. ஒரு தொழிலாளி வீட்டு ரத்தத்தில் எதுவும் கூடியதாக நான் இதுவரை கேள்விப்பட்டதில்லை.

கால்சியத்தைப் பற்றி எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். அது என் விஷயம். வைட்டமின் டி என் விஷயம். இந்தக் கட்டடத்தில் இருக்கிற பாதி டாக்டர்கள் பள்ளிக்கூடம் சேருவதற்கு முன்பே நான் அதைப் பற்றிப் பிரசுரம் எழுதியவள். நான்காம் வகுப்போடு நின்றது என் பள்ளிக்கூடம், மிச்சப் படிப்பெல்லாம் துண்டுப் பிரசுரம். எட்டுப் பக்கத்துக்கு மேல் நான் எதையும் படித்ததில்லை, எட்டுப் பக்கத்தில் சொல்ல முடியாத உண்மையையும் நான் பார்த்ததில்லை. நூல் சுற்றுகிற ரீலிங் பகுதியில் ஜன்னலைத் திறக்க விடமாட்டார்கள், காற்று வந்தால் நூல் அறுந்துவிடுமாம், ஈரம் காய்ந்துவிடுமாம். கண்ணாடிக்கு நீலப் பெயிண்ட் அடித்திருப்பார்கள். பகலா ராத்திரியா என்று சங்கு ஊதினால்தான் தெரியும். பெண்களுக்கெல்லாம் இடுப்பு வலி, முழங்கால் வலி, பிள்ளை பெறப் போனால் இடுப்பெலும்பு வழிவிடாது. சங்கம் நடத்திய மருத்துவ முகாமில் ஒரு டாக்டர் சொன்னார், வெயில் படாத தோலில் வைட்டமின் டி ஊறாது, அது ஊறாவிட்டால் நீ தின்கிற சுண்ணாம்புச் சத்து உன் எலும்புக்குப் போய்ச் சேராது, வயிற்றில் இருக்கிற பிள்ளை காத்திருக்காது, தனக்கு வேண்டியதை உன் எலும்பிலிருந்தே உருவிக்கொள்ளும். உருவிக்கொள்ளும் என்ற சொல் எனக்குள் அப்படியே நின்றுவிட்டது. அந்த வாரமே எழுதினேன். வெயிலும் எங்கள் கூலியே. அதுதான் தலைப்பு. காலை பத்து மணிக்கு மிஷினை நிறுத்திவிட்டு நாங்கள் எல்லோரும் முற்றத்துக்குப் போய் முந்தானையை விலக்கிக் கையை நீட்டி வெயிலில் நின்றோம். மேனேஜர் மாடியிலிருந்து பார்த்துச் சிரித்தான், வத்தல் காயப் போட்டிருக்காங்கப்பா என்றான். அவன் சிரித்தது ஒரு வாரம். பிறகு போலீஸ் வந்தது. கடைசியில் பத்து நிமிடம் வெயில் இடைவேளை வாங்கினோம், சம்பளத்தோடு. அதற்காக நான் ஜெயிலுக்குப் போனபோது ஜோயா தவழ ஆரம்பித்திருந்தாள். பக்கத்து லைன் வீட்டுப் பெண்ணிடம் விட்டுவிட்டுப் போனேன். திரும்பி வந்து கையை நீட்டினேன், குழந்தை அந்தப் பெண்ணின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதது. அவள் வெட்கப்பட்டுக்கொண்டே, ரெண்டு நாள்ல வந்துருமுங்கக்கா என்றாள். ரெண்டு நாளில் வரவில்லை. நீட்டிய கை அந்தரத்தில் நின்றது எனக்கு இன்னும் தோளில் இருக்கிறது. அதனால்தானோ என்னவோ இன்றைக்குக் கையை நீட்டவில்லை. நீட்டி, அவள் மரகதத்தைப் பிடித்திருந்தால்? நீட்டாததால் அது நடக்கவில்லை, அப்படியும் சொல்லலாம். வளையல் மறுபடி குலுங்குகிறது. உள்ளே யாரோ அழுவது போல இருக்கிறது. ஜோயா இல்லை. ஜோயா அழுதால் சத்தம் வராது, மூக்கு மட்டும் சிவக்கும், அது எனக்குத் தெரியும், மரகதத்துக்குத் தெரியுமா? தெரிந்திருக்கும். ஒரே வீட்டில் இருக்கிறாள்.

நான்காம் மாதம் ஜோயாவுக்கு வைட்டமின் டி குறைவு என்று ரிப்போர்ட் வந்தது. எனக்கு வருத்தம் வந்திருக்க வேண்டும். இது என்னுடைய இடம் என்றுதான் தோன்றியது. சரவணம்பட்டியில் கண்ணாடிக் கட்டடத்தில் வேலை, காலையில் கம்பெனி பஸ், சாயங்காலம் கம்பெனி பஸ், ஏசிக்குள் பத்து மணி நேரம். என் மகளும் நீலக் கண்ணாடிக்குள்தான் இருக்கிறாள், பெயிண்ட் மட்டும் விலை உயர்ந்தது. ஆனால் டாக்டர் எழுதிக் கொடுத்தது பாலில் கலக்கிற பொடி, வாரத்துக்கு ஒரு பாக்கெட். பால் மரகதத்தின் அடுப்பில் இருக்கிறது. ஆக, நான் ஜெயிலுக்குப் போய் வாங்கிய வெயில் மரகதத்தின் டம்ளருக்குப் போய்விட்டது. ஒரு வெள்ளிக்கிழமை சூலூரில் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். மரகதம் சாமிக்கு விளக்கு வைத்துவிட்டு வந்து அதே கையால் பொடியைக் கலக்கிக் கொடுத்தாள், ஜோயா மூக்கைச் சுளித்துக்கொண்டு குடித்தாள், மேலுதட்டில் பால் ஒட்டியிருந்தது, மரகதம் தன் சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டாள். என் மகளின் உதட்டை. நான் காபியைக் குடித்துவிட்டு பஸ் ஏறினேன். பிறகு வாந்தி அதிகமானது என்று போனில் சொன்னாள். வாந்தி எடுத்தால் பொடி எங்கே தங்கும்? வயிற்றுக்குள் போகாமல் உடம்புக்குள் போக வேண்டும், அதற்கு வழி ஊசி. இதை எனக்கு யாரும் சொல்லவில்லை, நானே யோசித்தேன். எங்கள் சங்க மருந்தகத்தில் லூர்துமேரி இருக்கிறாள், ஆயிரக்கணக்கான தொழிலாளிகளுக்கு ஊசி போட்ட கை. டாக்டர் சீட்டு எங்கே தோழர் என்றாள். என் பேச்சே சீட்டுதான் என்றேன். தயங்கினாள். மாசமா இருக்கிற பொண்ணு தோழர் என்றாள். மாசமா இருக்கிறதனாலதான் மேரி என்றேன். அவள் காட்டிய மருந்துக் குப்பியில் ஆறு லட்சம் யூனிட் என்று இருந்தது. மரகதத்தின் பாக்கெட்டில் அறுபதாயிரம்தான், நான் படித்து வைத்திருந்தேன். அறுபதாயிரம் எங்கே, ஆறு லட்சம் எங்கே. பத்து மடங்கு. ஆறு லட்சம் என்பது மேடையில் சொல்லத் தகுந்த எண். ஒரு மாதம் கழித்து இன்னொன்றும் போட்டோம். ஜோயாவிடம் சத்து ஊசி என்று மட்டும் சொன்னேன், ரத்தம் ஊறுவதற்கு என்று நினைத்திருப்பாள், என்ன சத்து என்று அவள் கேட்கவில்லை, களைத்திருந்தாள். அங்கே சொல்ல வேண்டாம் கண்ணு, உங்க அத்தை சங்கடப்படுவாங்க என்றேன். சரிம்மா என்றாள். மரகதம் சங்கடப்பட்டால் எனக்கென்ன? ஜோயாவுக்கும் எனக்கும் மட்டும் தெரிந்த ஒன்று வேண்டியிருந்தது. ஊசி போட்டதும் இரண்டு பேரும் பேக்கரியில் உட்கார்ந்து தேங்காய் பன் தின்றோம். இடுப்பு வலிக்குதும்மா என்று என் தோளில் சாய்ந்தாள். அந்த அரை மணி நேரம் அவள் ஜோதி இல்லை.

கதவு திறக்கிறது. மரகதம் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு வருகிறாள், என் மகள் அவளைத் தாங்கிக்கொண்டு வருகிறாள், வயிற்றைத் தள்ளிக்கொண்டு, தாங்க வேண்டியவள் யாரோ தாங்கப்படுகிறவள் யாரோ. எனக்கும் மரகதத்துக்கும் நடுவில் ஜோயா உட்கார்ந்தாள், ஆனால் முழங்கால் அந்தப் பக்கம் திரும்பியிருந்தது. இப்போது எடுத்த ரத்தத்தின் முடிவு வந்ததும் மறுபடி கூப்பிடுவார்களாம். என்னாச்சு என்று கேட்டேன். வைட்டமின் டி அளவுக்கு மீறிப் போயிருச்சாம்மா, அதுதான் கால்சியத்தை ஏத்தி விட்டிருக்குது, வாந்தியே அதனாலதானாம் என்றாள். நான் வாந்தி எடுக்கும்போதெல்லாம் பொடியும் போயிருக்கும்னு அத்தை இன்னொரு பாக்கெட் கலக்கிக் குடுத்திருக்காங்க. நவநீதனோட சித்தப்பா மெடிக்கல் ஸ்டோர்ல கேட்டா பெட்டியாவே தர்றாரு. வாந்தி எடுக்க எடுக்கப் பொடி, பொடி போகப் போக வாந்தி. முந்தானைக்குள்ளிருந்து மரகதம், வெளக்கு வெச்ச கைதானுங்களே, கெடுதல் வருமான்னு இருந்துட்டேனுங்க என்றாள். எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். அதை மறைப்பதில் என்ன இருக்கிறது, சந்தோஷம்தான், நெஞ்சுக்குள் கொடி ஏற்றியது போல. குற்றவாளி கையும் களவுமாக. விளக்கும் விரதமும் தோற்றன. பாப்பாவுக்கு என்று கேட்டேன். ஜோயா கழுத்தைத் தொட்டுக் காட்டினாள். இங்க ஒரு சுரப்பி இருக்குதாம்மா, கால்சியத்தை அளந்து வைக்கறது. பாப்பாவுக்கு என்கிட்ட இருந்து நெறைய வந்துட்டே இருந்தா அதோட சுரப்பி வேலை இல்லாம தூங்கிருமாம். பொறந்ததும் தொப்புள்கொடியை அறுத்தா வரத்து நின்னுரும். அந்தச் சுரப்பி முழிக்கறதுக்குள்ள கால்சியம் மடமடன்னு இறங்கி ஃபிட்ஸ்கூட வரலாமாம். எல்லாப் பாப்பாவுக்கும் வராது, வரலாம்னுதான் சொன்னாங்க. இதைச் சொல்லும்போது அவள் குரல் ஆடவில்லை, மூக்கு சிவந்திருந்தது. நான் தண்ணீர் பாட்டிலைத் தேடினேன். அதற்குள் மரகதம் மூடியைத் திறந்து கொடுத்துவிட்டாள், அழுதுகொண்டே. அப்போதுதான் என் மகள் அதைச் சொன்னாள்.

"அழாதீங்க அத்தை. வேணும்னா குடுத்தீங்க? ஆசைல குடுத்தீங்க. பாப்பா பெருசானதும் நானே சொல்லிக் குடுக்கறேன், ஆத்தா உனக்குப் பாசத்தை டம்ளர் டம்ளரா ஊத்துனாங்கன்னு."

மரகதம் அழுகையோடு சிரித்துவிட்டாள். இரண்டு பேரும் சிரிக்கிறார்கள். குழந்தைக்கு ஃபிட்ஸ் வரலாம் என்ற பேச்சுக்கு நடுவில் இரண்டு பேரும் தலையோடு தலை முட்டச் சிரிக்கிறார்கள், நான் நாற்காலிகளைப் பிரிக்கிற இரும்புச் சட்டத்தின் இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறேன். கொடி இறங்கிவிட்டது. இந்தத் தப்புக்கூட அவளுடையது ஆகிவிட்டது. பேரனோ பேத்தியோ வளர்ந்து கேட்கப் போகிற கதையில் அப்பாவைப் பெற்ற ஆத்தாவின் டம்ளர் இருக்கும், பால் இருக்கும், மன்னிப்பு இருக்கும். நான் அந்தக் கதையில் எங்கே? வாசலில். ஆறு லட்சம். இரண்டு ஊசியையும் இப்போதுதான் கூட்டிப் பார்க்கிறேன். ஆறு லட்சம், மறுபடி ஆறு லட்சம். நான் பேசாமல் இருந்தால் யாருக்குத் தெரியும்? லூர்துமேரி சொல்ல மாட்டாள். ஜோயாவுக்கு அது ரத்த ஊசி. வேற ஏதாவது எடுத்தியான்னு டாக்டர் ரெண்டு தடவை கேட்டாங்க என்கிறாள் ஜோயா, இந்தப் பொடிக்கு இவ்வளவு ஏறக் கூடாதேன்னு முழிச்சாங்க, இல்லைன்னு சொல்லிட்டேன், ரத்தத்துக்கு மட்டும் எடுத்துக்கறேன்னு சொன்னேன். இரண்டாவது முடிவு கொஞ்சம் இறங்கியிருந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களாம். பொடியை நிறுத்தினால் போதுமாம், பால் வேண்டாம், தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும், இரண்டு வாரம் கழித்து வந்தால் போதும். அப்புறம் வெயில்ல நிக்கக் கூடாதாம்மா என்றாள். என்ன என்று கேட்டேன். வெயில்ல நிக்கக் கூடாதாம், கொஞ்ச நாளைக்கு. அவள் அதைச் சாதாரணமாகச் சொன்னாள். முற்றத்தில் வரிசையாகக் கை நீட்டி நின்ற பெண்கள், மேனேஜரின் சிரிப்பு, பத்து நிமிடம், எல்லாம் வந்து என் முன்னால் நின்றன. என் மகளை வெயிலில் நிற்க வேண்டாம் என்று சொல்ல வைத்தது யார்? அவர்கள் சிரிப்பதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன், அந்தக் குட்டிச் சுரப்பி தூங்குவதையும் பார்க்கிறேன், கடலைப்பருப்பு அளவு இருக்குமா, அதைவிடச் சிறியதா. முதலாளி அள்ளிக் கொடுத்தால் தொழிலாளியின் கை தூங்கிவிடும் என்று நானே மேடையில் பேசியிருக்கிறேன், கைதட்டினார்கள். தூங்க வைத்தது என் கை. வீட்டுக்கு அனுப்பிவிட்டால்? என் மருந்து என் மகளின் உடம்பில் தங்கி ஊறிக்கொண்டே இருக்கும், யாருக்கும் தெரியாமல், மரகதத்தின் பெயரில். மரகதத்தின் பெயரில். என் கை அவள் பெயரில். முப்பது வருடம் நான் செய்த வேலைக்கு வேறு யாரோ மாலை வாங்கிப் போவதைப் பார்த்தவள் நான், வெயில் இடைவேளைக்கு நினைவுக் கல்வெட்டு வைத்தபோது அதில் என் பெயர் இல்லை, மந்திரி பெயர் இருந்தது. இதிலுமா?

நர்ஸ் கூப்பிட்டாள். ஜோயா எழுந்தாள், மரகதம் எழுந்தாள், நானும் எழுந்தேன். ஒருத்தர்தான்மா என்றாள் நர்ஸ். நர்ஸைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன், போலீஸையே தள்ளியிருக்கிறேன், பின்னாலேயே மரகதமும் வந்துவிட்டாள். டாக்டர் சின்னப் பெண், ஜோயாவைவிட நாலைந்து வயது கூட இருக்கலாம், கையில் காகிதத்தைப் பிடித்துக்கொண்டு, கொஞ்சம் இறங்கியிருக்கு, பரவாயில்லை, வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நீங்க யாரு என்று என்னைக் கேட்டாள். இந்தக் கேள்விக்கு என்னிடம் நீளமான பதில் இருக்கிறது, எத்தனை மேடையில் எத்தனை பேர் வாசித்த பதில்.

"இவளோட அம்மா. பொடி மட்டும் இல்லைங்க டாக்டர். ஊசியும் போயிருக்குது. நான்தான் போட வெச்சேன்."

என்ன ஊசி என்றாள். ஆறு லட்சம் என்றேன். ஒண்ணா என்றாள். ரெண்டு, கடைசி ஊசி நாலு வாரம் முன்னால. அவள் பேனாவைக் கீழே வைத்தாள். உண்மைக்காகச் சொன்னேன் என்று யாராவது நினைத்தால் நினைத்துக்கொள்ளட்டும். குழந்தைக்காகத்தான் சொன்னேன், அதுவும் உண்மை. ஆனால் வாயைத் திறந்தபோது எனக்குள் இருந்தது குழந்தை மட்டும் இல்லை, அந்த டம்ளரும் இருந்தது. டாக்டர் குரலை உயர்த்தவில்லை. நாலு வாரம் முன்னால் போட்ட ஊசி உடம்பில் தங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக விடும், மாதக்கணக்கில் விடும், இன்றைக்கு இறங்கியது போல் தெரிந்தாலும் மறுபடி ஏறும், வீட்டுக்கு அனுப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று தெரியுமா, யார் சீட்டில் வாங்கினீர்கள், வீட்டுப் பெரியவர்கள் இரண்டு பேர் சேர்ந்து ஒரு பிள்ளைத்தாய்ச்சியை இப்படிச் செய்யலாமா என்றெல்லாம் கேட்டாள். இரண்டு பேர் என்றாள். அதை நான் கேட்டேன். இன்றைக்கே சேர்த்து டிரிப் ஏற்ற வேண்டும், குழந்தை டாக்டரிடம் இப்போதே சொல்லி வைக்க வேண்டும், பிறந்த நாளிலிருந்தே குழந்தையின் ரத்தத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். குழந்தை தப்புமா என்று மரகதம் கேட்டாள், அதை நான் கேட்டிருக்க வேண்டும். இப்பத் தெரிஞ்சதால பாத்துக்கலாம் என்றாள் டாக்டர். ஜோயா என்னைத் திரும்பிப் பார்த்தாள். காலையிலிருந்து முதல் தடவையாக முழுசாகப் பார்த்தாள். சத்து ஊசின்னு சொன்னே என்றாள், மெதுவாக, பேக்கரியில் என் தோளில் சாய்ந்த அதே வாய். அந்தக் கண்ணில் இருந்த கோபத்தில் மரகதத்துக்குப் பங்கு இல்லை. முழுவதும் எனக்கு. நான் கண்ணை எடுக்கவில்லை, எடுத்தால் அது வேறு பக்கம் போய்விடும் என்று பயமாக இருந்தது. நர்ஸ் வந்து, வார்டில் கூட ஒருத்தர்தான் இருக்கலாம், யார் இருக்கப் போறீங்க என்று கேட்டாள். மரகதம் ஏற்கெனவே கூடையைக் கையில் எடுத்திருந்தாள்.

"அத்தை வீட்டுக்குப் போகட்டும். அம்மா இருக்கட்டும். அம்மாகிட்ட எனக்குக் கேக்க வேண்டியது நெறைய இருக்குது."

ஜெயித்துவிட்டேன். ஜோயா நர்ஸோடு நடக்க ஆரம்பித்தாள், வளையல் குலுங்கக் குலுங்க, எனக்காக நிற்காமல். மரகதம் கூடையிலிருந்து வெந்நீர் பிளாஸ்க்கை எடுத்து என்னிடம் நீட்டினாள். அவள் முகத்தில் நான் தேடியது எதுவும் இல்லை, தோல்விகூட இல்லை, களைப்பு மட்டும் இருந்தது.

"வெதுவெதுன்னு குடுங்க சம்பந்தியம்மா. ஜில்லுனு குடுத்தா அவளுக்கு உடனே வாந்தி வந்துரும்."

எனக்குத் தெரியாதா என்று சொல்ல வாயைத் திறந்தேன். தெரியாது. வாங்கிக்கொண்டேன்.